எஃப்எஃப்எம்பெக்கைச் சேர்த்து விற்றால் நம் கோடையும் திறந்து காட்ட வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இன்ஸ்டாலரில், வீடியோ, ஆடியோ கோப்புகளை மாற்றித் தரும் திறமூல நிரலான எஃப்எஃப்எம்பெக்கையும் சேர்த்துத் தருகிறோம். விலைக்கு விற்பதால் எங்கள் சோர்ஸ் கோடை வெளியிட வேண்டுமா? 'கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கித் தருகிறேன், பணம் கட்டுங்கள்' என்கிறார் ஓர் ஏஜென்ட்.

பதில்: முதலில் அந்த ஏஜென்ட்டை வழியனுப்புங்கள். காசு கொடுத்தாலும் வேறு உரிமம் கிடையாது என்று எஃப்எஃப்எம்பெக்கின் லைசென்ஸ் கோப்பிலேயே எழுதியிருக்கிறது. அந்த மனிதர், தன்னிடம் இல்லாத சரக்கை விற்கிறார். 'திறமூல இணக்கச் சான்றிதழ்' அச்சடித்துத் தருகிறவர்களும் இதே ரகம்தான். வக்கீல் நோட்டீஸ் வந்தால் அந்தக் காகிதம் காப்பாற்றாது.

விலைக்கு விற்பதில் தவறே இல்லை. எந்த பில்டை, அதாவது சோர்ஸிலிருந்து எந்தெந்த அம்சங்களோடு உருவாக்கிய எஃப்எஃப்எம்பெக்கைச் சேர்த்தீர்கள் என்பதுதான் விஷயம். கமாண்டு விண்டோவில் எஃப்எஃப்எம்பெக்கை ஓட்டினால் 'கான்ஃபிகரேஷன்' என்று ஒரு நீள வரி வரும். அதில் 'எனேபிள்-நான்ஃப்ரீ' இருந்தால் இலவசமாகக்கூட யாருக்கும் கொடுக்க முடியாது. அதுவும் இல்லை, 'எனேபிள்-ஜிபிஎல்'லும் இல்லை என்றால் அது எல்ஜிபிஎல் என்ற தளர்வான திறமூல உரிமத்தில் வருவது. டிஎல்எல்லாக (உங்கள் நிரல் ஓடும்போது அழைக்கும் தனி லைப்ரரி கோப்பாக) வைத்து அழைக்கும்வரை உங்கள் கோடு உங்களுடையதே.

தொல்லை 'எனேபிள்-ஜிபிஎல்'லில்தான். வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 லைப்ரரி வேண்டுமென்று யாரோ போட்டிருப்பார். ரெடிமேட் பில்டுகள் பலவற்றில் இது உண்டு. அந்த டிஎல்எல்லை உங்கள் நிரலோடு இணைத்து விற்றால் மொத்தத்துக்கும் கண்டிப்பான ஜிபிஎல் உரிமம் பொருந்தும்; உங்கள் கோடையும் திறந்து காட்ட வேண்டியிருக்கும். இணைக்காமல், தானே ஓடும் தனி இஎக்ஸ்இ கோப்பாக வைத்து, கமாண்டு கொடுத்து ஓட்டி, வெளிவரும் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டால்? இரண்டு தனி நிரல்கள் ஒரே பெட்டியில் வருவதாகவே பொதுவாகக் கொள்வார்கள். உங்கள் கோடு தப்பும். பெயருக்கு இஎக்ஸ்இ, உள்ளே இரண்டும் ஒரே மெமரியில் டேட்டாவைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்றால் அந்த வாதம் நிற்பது கஷ்டம். தப்பினாலும், எஃப்எஃப்எம்பெக், எக்ஸ்264 இரண்டின் சோர்ஸையும் தரும் கடமை தீராது. 'எனேபிள்-ஜிபிஎல்' என்ற ஒற்றை ஃப்ளாகுக்குள் இவ்வளவையும் ஒளித்துவிட்டு, விளக்கத்தை வக்கீல் ஆங்கிலத்தில் தேடச் சொல்கிறார்கள்!

சோர்ஸுக்கு 'அவர்கள் தளத்தில் இருக்கிறது' என்று லிங்க் போட்டுவிட்டு உட்காராதீர்கள். நீங்கள் தந்த அதே பதிப்பின் சோர்ஸ், நீங்கள் செய்த மாற்றங்கள், கான்ஃபிகர் கட்டளை மூன்றையும் ஒரே ஜிப்பாக்கி, இன்ஸ்டாலர் இருக்கும் சர்வரிலேயே வையுங்கள். லைசென்ஸ் நகல் இன்ஸ்டாலருக்குள் போகட்டும். 'அபவுட்' பெட்டியில் எஃப்எஃப்எம்பெக்கின் பெயரைச் சொல்லுங்கள். டிஎல்எல் பெயரை மாற்றி மறைக்க வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது பயனர் ஒப்பந்தத்தில். எங்கிருந்தோ காப்பியடித்த 'ரிவர்ஸ் இன்ஜினியரிங் (நிரலைப் பிரித்து ஆராய்வது) கூடாது' என்ற வரி அதில் கிடக்கும். எல்ஜிபிஎல் டிஎல்எல்லை வாடிக்கையாளர் தன் தேவைக்கு மாற்றிப் போடவும், அந்த மாற்றத்தில் வரும் பிழையைக் கண்டுபிடிக்க ரிவர்ஸ் இன்ஜினியரிங் செய்யவும் நீங்கள் அனுமதித்தாக வேண்டும். அந்த வரியின் கீழேயே இந்த விலக்கை எழுதிச் சேருங்கள்.