லெனின் காலத்துச் சோவியத் ரஷ்யா நிஜமாகவே சோசலிச நாடாக இருந்ததா?

பாதி இருந்தது, முக்கியமான பாதி இல்லை. எல்லாப் பழியையும் ஸ்டாலின் தலையில் கட்டிவிட்டு லெனினைத் தப்பவிடுவது நம் தோழர்கள் பலரின் வழக்கம். எனக்கு அது ஒப்பவில்லை.

செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1917 நவம்பரில் ஆட்சிக்கு வந்த சில நாட்களிலேயே எட்டு மணி நேர வேலை சட்டமானது. நிலப்பிரபுக்களின் நிலம் இழப்பீடு இல்லாமல் பறிக்கப்பட்டது. 1918 குடும்பச் சட்டம் கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை தந்தது. அன்றைய உலகில் இதெல்லாம் சாதாரண விஷயமில்லை.

சரி, அதிகாரம் யார் கையில் இருந்தது? அதிகாரிகளைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுப்பார்கள், வேண்டாமென்றால் திரும்ப அழைப்பார்கள், சம்பளமும் தொழிலாளியின் கூலியைத் தாண்டாது என்று ‘அரசும் புரட்சியும்’ நூலில் எழுதியவர் லெனின். 1918 ஏப்ரலிலேயே நிபுணர்களுக்குக் கூடுதல் சம்பளம் வேண்டும், ஆலையில் ஒரே நிர்வாகியின் சொல்லுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. கூடுதல் சம்பளம் கொள்கையிலிருந்து பின்வாங்கல்தான் என்று மூடி மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையாவது இருந்தது.

என் கணக்கில் உண்மையான பரீட்சை 1921-இல் நடந்த க்ரோன்ஸ்டாட் கலகம். 1917-இல் லெனினின் சகாவான ட்ராட்ஸ்கியே புரட்சியின் பெருமை என்று கொண்டாடிய கடற்படைத் தளம் அது. அங்கிருந்த மாலுமிகள் கேட்டவை: சோவியத்துகளுக்கு, அதாவது தொழிலாளர், படைவீரர் மன்றங்களுக்கு, ரகசிய வாக்கெடுப்பில் புதுத் தேர்தல், சிறையிலுள்ள சோசலிஸ்டுகளுக்கு விடுதலை, உழைப்பவர் எல்லோருக்கும் ஒரே அளவு ரேஷன். விவசாயி தன் நிலத்தில் இஷ்டப்படி பயிரிடட்டும், ஆனால் கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். இதில் எங்கே இருக்கிறது முதலாளித்துவம்?

அப்போது நடந்துகொண்டிருந்த லெனின் கட்சியின் பத்தாவது மாநாட்டிலிருந்து சுமார் 300 பிரதிநிதிகள் கிளம்பிப் போய், கலகத்தை அடக்க உறைந்த கடல்மேல் நடந்து தாக்கிய அரசுப் படையோடு சேர்ந்துகொண்டார்கள். அதே மாநாடு விவசாயிகளிடம் தானியம் பறிப்பதை நிறுத்தி வரியாக மாற்றியது. அப்புறம் தனியார் வியாபாரம் வந்தது, சிறு ஆலைகள் தனியாருக்குப் போயின. மாலுமிகள் கேட்டதைவிடச் சந்தைக்கு அதிகமாகவே விட்டுக்கொடுத்தார்கள். தேர்தலை மட்டும் தரவில்லை. கட்சிக்குள்ளேயே கோஷ்டி சேரக்கூடத் தடை போட்டார்கள்.

உள்நாட்டுப் போர் நெருக்கடி, வேறு வழியில்லை என்பார்கள். 1918, 1919-க்கு அந்தச் சமாதானம் ஓரளவு பொருந்தும். ஆனால் லெனின் ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட தரப்பின் கடைசிப் பெரிய படை, தளபதி வ்ராங்கெல்லின் படை, 1920 நவம்பரிலேயே கிரிமியாவைக் காலி செய்துவிட்டுக் கப்பலேறிவிட்டது. கோஷ்டித் தடை வந்தது அதற்கு நான்கு மாதம் கழித்து.