ஊசுடு ஏரிக்குக் குடும்பத்துடன் செல்வோர் கவனத்திற்கு

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் எட்டு வயது மகன், நான்கு வயது மகள், மாமியார் ஆகியோருடன் கடலூரிலிருந்து புதுச்சேரி ஊசுடு ஏரிக்குச் சென்றோம். பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, நடு ஏரியில் மிதந்த கறுப்புப் புள்ளிகளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மறுபடியும் போவதென்றால் எப்போது போகலாம்? பைனாகுலர் வாங்க வேண்டுமா?

பதில்: அந்தக் கறுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் நாமக்கோழிகளாக இருந்திருக்கும். சற்று அருகில் தெரிந்திருந்தால், நெற்றியில் இட்ட நாமம் போன்ற வெள்ளைப் பட்டையைக் கண்டு உங்கள் மகனே பெயரைச் சொல்லியிருப்பான்.

நீர்ப்பறவைகள் விடியலிலும் மாலையிலும்தான் கரையோரமாக மேயும். வெயில் ஏறியதும் ஏரியின் நடுவிலோ மரங்களிலோ ஒதுங்கிவிடும். போதாக்குறைக்கு, நீர்ப்பரப்பின் மேலெழும் கானல் எவ்வளவு நல்ல பைனாகுலரிலும் காட்சியைக் கலங்கச் செய்துவிடும். ஆகவே கடலூரிலிருந்து இருட்டோடு புறப்பட்டு ஆறரை மணிக்கு ஏரிக்கரையில் இருங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமாறு இடம் தேர்ந்து, ஒன்பது மணிக்குத் திரும்பிவிடுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை பலரும் தவறுவது இங்கேதான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியவுடன் பறவைகளும் குவிந்துவிடும் என்று நினைக்கிறோம். நீந்தும் வாத்துகளுக்கு ஆழம் ஒரு பொருட்டில்லை என்றாலும், நின்று இரை தேடும் நாரைகளுக்கும் அரிவாள்மூக்கன்களுக்கும் உள்ளான்களுக்கும் ஆழமற்ற நீரும் சேறும் தேவை என்பதால், தண்ணீர் வற்றத் தொடங்கி ஓரங்களில் திட்டுகள் தலைகாட்டும் ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியுமே என் தேர்வு. ஏப்ரலுக்குள் வலசை வாத்துகளில் பெரும்பாலானவை வடக்கே திரும்பிவிடும். காணும் பொங்கலன்று மட்டும் போக வேண்டாம். அன்று பறவைகளைவிட மனிதர்களே அதிகம்.

பைனாகுலரில் 8×42 என்று குறித்திருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். பெரியவர்களுக்கு அது போதும். மகனுக்கு வாங்குவதானால், இரு குழல்களும் அவன் கண்களின் இடைவெளிக்கு நெருங்குகின்றனவா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். நெருங்காவிட்டால் ஒற்றைக் கண்ணால்தான் பார்ப்பான், பத்து நிமிடத்தில் சலித்துவிடுவான். மகளுக்கு இப்போதைக்கு வேண்டாம். கூழைக்கடா வெறுங்கண்ணுக்கே பெரிதாகத் தெரியும்.

புதுச்சேரி அரசு 2008-ஆம் ஆண்டில் இந்த ஏரியை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. சரணாலயத்தில் விலங்குகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கூடுகள் கண்ணில் பட்டால் அவற்றை நெருங்கவே கூடாது. தாய்ப்பறவை பதறி எழுந்த சில நிமிடங்களில் காகம் முட்டையைக் கவர்ந்துவிடும். குஞ்சுகளோ சிறகு நிழலின்றி வெயிலில் வாடும். முறுக்கும் பொரியும் வீசுவதும் வேண்டாம். இதைப் பிள்ளைகளுக்கு வண்டியிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏரியைக் கண்டபின் சொன்னால் காதில் ஏறாது.

மாமியாருக்கு மடக்கு நாற்காலி ஒன்றும் அனைவருக்கும் மூடிய காலணியும் எடுத்துக்கொள்ளுங்கள். கரைப் புதர்களில் பாம்பு இருக்கக்கூடும். கரை நெடுகிலும் நடப்பதைவிட, ஓரிடத்தில் முக்கால் மணி நேரம் அசையாமல் அமர்ந்தால் விலகிப்போன பறவைகள் தாமாகவே அருகில் வரும். அந்த வகையில் உங்கள் குழுவில் மாமியார்தான் சிறந்த பறவை நோக்கர். மகனை அவர் பக்கத்திலேயே உட்கார வையுங்கள்.