கடும் பயிற்சிக்குப் பிறகு தாவர ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள் எடுத்தால் உடல் விரைவாகத் தேறுமா?

அடுத்தடுத்த நாள்களில் போட்டி இருந்தால் ஓரளவு உதவலாம். பயிற்சிக் காலம் முழுவதும் தினமும் விழுங்குவதற்கு நான் எதிரானவன். ஏன் என்று சொல்கிறேன்.

நெடுந்தூரம் ஓடுகிறவன் நான். முதன்முறை நீண்ட இறக்கத்தில் வேகமாக ஓடிய மறுநாள், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாகத்தான் படியிறங்கினேன். விரல் பட்டாலே தொடை வலித்தது. அந்தப் பயத்திலேயே ஒரு பருவம் முழுக்கப் பச்சைத் தேயிலைச் சாறு, திராட்சை விதைச் சாறு என்று மாத்திரை மாத்திரையாகப் போட்டேன். என் பயிற்சிக் குறிப்பேட்டில் இரண்டாம் நாள் வலி பழையபடியேதான் பதிவாகியிருக்கிறது.

இந்த வலிக்கு லாக்டிக் அமிலம் காரணமல்ல. ஓடி முடித்த ஒரு மணி நேரத்திலேயே அது பெரும்பாலும் வடிந்துவிடும். சுமையைத் தாங்கியபடியே தசை நீளும்போது இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சீர்செய்ய அழற்சி எழுகிறது. வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொடுவது அதனால்தான். கடும் உழைப்பில் ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது செல்களைத் தாக்கக்கூடிய நிலையற்ற மூலக்கூறுகள், பெருகுவதும் உண்மை. ஆன்டிஆக்ஸிடன்ட் கொண்டு அவற்றை ஒழித்தால் வலி போய்விடும் என்பது மாத்திரை விற்பவர்களின் வாதம்.

ஆனால் அந்த ஃப்ரீ ராடிக்கல்கள்தான் தசைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. 'செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா இன்னும் வேண்டும், உன் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைக் கூட்டு' என்ற செய்தி அது. ஜெர்மனியில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் எடுத்துக்கொண்டு 4 வாரம் பயிற்சி செய்தவர்களுக்கு, உடற்பயிற்சியால் வரவேண்டிய இன்சுலின் உணர்திறன் முன்னேற்றம் (இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினுக்கு உடல் நன்கு இணங்குவது) கிடைக்கவில்லை.

அவை ஆன்டிஆக்ஸிடன்ட் என்றாலும் வைட்டமின்கள், தாவரச் சாறு அல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோபன்ஹேகனில் 2013இல் சுமார் 65 வயது ஆண்களுக்குத் தினமும் 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால் கொடுத்து 8 வாரம் பயிற்சி அளித்தார்கள். திராட்சையில் இருக்கும் பொருள் அது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்குத்தான் ஆக்ஸிஜன் பயன்பாட்டுத் திறன் கூடுதலாக உயர்ந்தது. இரத்த அழுத்தம் குறைந்ததும் அவர்களுக்கு மட்டும்தான். வியர்வை சிந்தி ஈட்டியதை மாத்திரை போட்டு இழப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இளம் விளையாட்டு வீரர்களுக்கு இந்த ஆய்வு முடிவு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளப் போதுமானது.

வலி விஷயத்தில் 2017இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஆன்டிஆக்ஸிடன்ட் பற்றிய 50 ஆய்வுகளை, 1089 பேரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தது. வலி குறைந்த அளவு, உடலால் உணரத்தக்கதாகவே இல்லை.

எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது புளிப்புச் செர்ரிச் சாறுதான். லண்டன் மாரத்தானில் 20 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டத்துக்கு 5 நாள் முன்பிருந்து 2 நாள் பின்புவரை அதைக் குடித்தவர்களுக்குத் தசை வலு சீக்கிரம் மீண்டது. தசைச் சேதத்தின் மற்ற அளவீடுகளில் வேறுபாடு இல்லை. நாளை மறுநாளே மீண்டும் களமிறங்க வேண்டிய ஒருவருக்கு அந்த வலு பெரிய விஷயம். மூன்று மாதம் கழித்து ஓடப்போகிறவருக்கு இல்லை.

மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் பல சிறு ஆய்வுகளில் வலியைச் சற்றுக் குறைத்திருக்கிறது. ஆனால் அது குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை என்பதற்காக மிளகுச் சத்தான பைப்பரினைச் சேர்த்து விற்கிறார்கள். அப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவப் பதிவுகள் உள்ளன. வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நீங்கள் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்ட வீரர் என்றால் இன்னொன்று. 2004இல் வெளியான ஒரு ஆய்வில், 13 நாடுகளில் வாங்கிய ஹார்மோன் அல்லாத 634 துணை உணவுப் பொருள்களில் 94இல், லேபிளில் குறிப்பிடாத ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் இருந்தன. தெரியாமல் உட்கொண்டேன் என்றாலும் பொறுப்பு வீரருடையதுதான். ஆகவே, எதை வாங்கினாலும் தனி ஆய்வகம் ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியாகச் சோதித்த முத்திரை டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தொகுதி எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.