போத்தலில் பைட்டர் மீன் சாகிறது: மருந்தா, தண்ணியா?

கேள்வி: ஐயா, விறாந்தையில் ஒரு லீற்றர் போத்தல்களில் 40 ஆண் பைட்டர் மீன்களை விற்பனைக்காக வளர்க்கிறேன். மார்கழி மழை விடாததால் பத்து நாளாகத் தண்ணி மாற்றவில்லை. போன சனிக்கிழமை விடியற்காலை எல்லாப் போத்தல்களையும் கழுவி, மோட்டர் போட்டு நேரே கிணற்றுத் தண்ணியை நிரப்பினேன். அடுத்த நாளே மீன்கள் செட்டையை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்தன. ஆறு செத்துவிட்டன. மற்றவற்றுக்கு வால் ஓரம் கிழிந்து வருகிறது. கடையில் தந்த டெட்ராசைக்கிளின் கப்சூல் கேட்கவில்லை. நீல மருந்து எத்தனை துளி விடவேண்டும்? (கோண்டாவில்)

பதில்: ஒரு துளியும் வேண்டாம், தம்பி. கப்சூலையும் இன்றோடு நிறுத்துங்கள். எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடந்து வருவது. அதிலுள்ள கல்சியம் டெட்ராசைக்கிளினைப் பிடித்துக்கொள்ளும்; மீனுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். இது தெரியாமல் எல்லா வருத்தத்துக்கும் ஒரே கப்சூலைப் பிரித்துக் கொடுக்கும் கடைக்காரர் மருந்து விற்கிறார், மீனைப் பார்க்கவில்லை. நீங்கள் கேட்ட நீல மருந்து, அதாவது மெத்திலீன் நீலம், முட்டையில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க உதவும். கடைப் போத்தல்களில் அது கடும் நீலமாக நின்றால் கிழிந்த செட்டை வாங்குபவரின் கண்ணில் படாது. அப்படி விற்கும் இடத்தில் குஞ்சு பொரிக்க வைக்கும் இன மீன் வாங்காதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, சனிக்கிழமை ஊற்றிய தண்ணியில் என்ன இருந்தது என்பதை. பத்து நாளில் மீன் கழிவால் போத்தலில் சேர்ந்த அமோனியா செட்டை ஓரத்தையும் பூவையும் (மீன் மூச்சுவிடும் செவுளையும்) முதலே அரித்திருக்கும். அதற்கு மேல் மூன்று அடி ஒன்றாக விழுந்திருக்கிறது. மார்கழி விடியலில் போத்தல் தண்ணி 23, 24 பாகைக்கு இறங்கிவிடும். கிணற்றுத் தண்ணி 28 அளவில் வரும். இரண்டாவது, அப்போதுதான் இறைத்த தண்ணியில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும். பைட்டர் மேலே வந்து காற்றைக் குடிக்கும், அதனால் எந்தத் தண்ணியும் தாங்கும் என்பார்கள். அது பிழை. ஒட்சிசனை மேலே எடுத்தாலும், கரியமில வாயுவையும் அமோனியாவையும் அது பூ வழியாகத்தான் வெளியேற்றுகிறது. மூன்றாவது, ஆறவிட்ட பிறகு அந்த வாயு பறந்து, தண்ணியின் பீஎச் (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) ஏறும். அந்த ஏற்றத்தை மீன் உள்ளே இருக்கும்போதே போத்தலில் நடத்திவிட்டீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டார்களா என்றும் விசாரியுங்கள். போட்டிருந்தால் அதுவே பூவைச் சுட்டிருக்கும்.

ஆகவே முதல் வேலை, வாய் அகன்ற 50 லீற்றர் தொட்டி ஒன்று. மாலையில் கிணற்றுத் தண்ணியை நிரப்பி, அதே விறாந்தையில் வைத்து, காற்றுக் கல் போட்டு 24 மணி நேரம் ஓடவிடுங்கள். குளோரின் போட்ட கிணறென்றால் 48 மணி நேரம். கேத்தில் அடியில் படிவதுபோல வெள்ளைப் படலம் தொட்டி ஓரத்தில் கட்டும். அது சுண்ணாம்பு, பயமில்லை. வாயை நுளம்பு வலையால் இறுகக் கட்டுங்கள். டெங்குக் காலத்தில் திறந்த தொட்டி வைத்தால் அயலவருக்கும் ஆபத்து, சுகாதாரப் பரிசோதகரும் வருவார்.

இனிப் போத்தலை முழுதாகக் கழுவவே கூடாது. ஒன்றுவிட்ட ஒரு நாள், மெல்லிய குழாயால் அடியிலுள்ள கழிவோடு 300 மில்லிலீற்றர் உறிஞ்சி, அதே அளவு தொட்டியில் ஆறின தண்ணியை ஓரமாக ஊற்றுங்கள். நாற்பது போத்தலுக்கும் 12 லீற்றர்தான் செலவு. மழையென்று மாற்றாமல் விட்டீர்கள். அந்த மழைத்தண்ணியே நல்ல சரக்கு. முதல் மழையில் கூரையைக் கழுவவிட்டுப் பிறகு பிடித்து, ஆறின கிணற்றுத் தண்ணியோடு பாதிக்குப் பாதி கலவுங்கள். தனி மழைத்தண்ணி வேண்டாம். அதில் பீஎச் நிலையாக நிற்காது. வாதுமைச் சருகு கடும் தண்ணியை மென்மையாக்கும் என்ற பேச்சையும் இங்கே நம்பவேண்டாம். எங்கள் சுண்ணாம்புக்கு முன்னால் ஒரு சருகு போதாது.

கிழிந்தவற்றுக்குக் கல்லுப்பு போதும். தராசில் நிறுத்து, 10 லீற்றர் ஆறின தண்ணிக்கு 10 கிராம் கரைத்து, ஒரு வாரம் மாற்றுவதற்கு அந்தத் தண்ணியையே பாவியுங்கள். கிணறு உவரென்றால் உப்பே வேண்டாம். செத்த மீன் கிடந்த போத்தலின் குழாயை மற்றதில் வைக்காதீர்கள். இருட்டில் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்: உடலில் பொன்தூள் தூவியதுபோல் தெரிந்தால் அது வெல்வெட் ஒட்டுண்ணி, வேறு வைத்தியம், அப்படியென்றால் உடனே எழுதுங்கள்.

தண்ணி சரிவந்தால் பத்துப் பதினைந்து நாளில் கிழிந்த ஓரத்தில் கண்ணாடிபோல் நிறமில்லாத புதுச் செட்டை துளிர்க்கும். அதில் நிறம் ஏறும்வரை ஒன்றையும் விற்காதீர்கள்.