பிரபலங்களும் பிள்ளைப் பெயர்களும்: டீச்சரிடம் கேள்வி பதில்

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒவ்வொரு ஜனவரியிலும் புது வகுப்பின் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களைச் சத்தமாக வாசிப்பேன். நடிகர், விளையாட்டு வீரர், தலைவர் பெயர்கள் பிள்ளைகளுக்கு எப்படி வந்து சேர்கின்றன என்று வந்த கேள்விகளுக்கு, அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

செங்காங்கிலிருந்து ஒரு தாய்: நட்சத்திரத் தம்பதி ஒரு பெயர் வைத்ததும் ஊரே அதை வைக்கிறதே டீச்சர், எல்லாம் அவர்களால்தானா?

பாதி உண்மை. ஐஸ்வர்யா ராய்க்கு 2011இல் பிறந்த மகளுக்கு ஆராத்யா என்று பெயரிட்டார்கள். அப்புறம் பல வீடுகளில் ஆராத்யா. ஆனால் அதற்கு முன்பே என் பதிவேட்டில் ஆராதனா, ஆதித்யா, ஆர்யா என்று ‘ஆ’வில் தொடங்கும் பெயர்கள் பெருகியிருந்தன. காது ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. நட்சத்திரம் லேசாக ஒரு தள்ளு தள்ளியது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஸ்டான்லி லீபர்சன் என்ற சமூகவியலாளர் இதை ஆராய்ந்திருக்கிறார். மர்லின் மன்றோவால்தான் மர்லின் என்ற பெயர் பரவியது என்று எல்லோரும் நினைப்போம். உண்மையில் நார்மா ஜீன் என்ற பெண் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்வதற்கு முன்பே அது அங்கே செல்வாக்காக இருந்தது. அவர் புகழின் உச்சத்தில் இருந்த ஐம்பதுகளில் அது இறங்கத் தொடங்கிவிட்டது. நம் ரஜினிகாந்தையும் பாருங்கள். சிவாஜி ராவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் கே. பாலசந்தர். நயன்தாராவுக்குப் பெற்றோர் இட்ட பெயர் டயானா. நாம் நட்சத்திரத்திடமிருந்து எடுக்கும் பெயரே, பலர் காதுக்கு இனிக்க வேண்டும் என்று யாரோ தேடிப்பிடித்ததாக இருக்கும்.

பிடோக்கிலிருந்து ஒரு பெரியவர்: எங்கள் காலத்தில் போஸ், நேரு, ஜான்சி என்று தலைவர்கள் பெயரை வைத்தோம். இப்போது நடிகர் வீட்டுப் பெயர். ரசனை தாழ்ந்துவிட்டதா அம்மா?

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்த சூடு எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலேயே ஒரு போஸ் இருந்தார். பெரியப்பா மகன், ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவர். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். அக்டோபர் 21இல் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணி படையில் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு பிறந்த பிள்ளைக்குப் பெரியப்பா வேறு பெயரை யோசிக்கவே இல்லை. பிறப்புப் பத்திரம் எழுதியவர் ஆங்கிலத்தில் ‘பாஸ்’ என்று படிக்கும்படி எழுதிவிட்டார். வேலையிடத்தில் கடைசிவரை அவர் பாஸ்தான். வீட்டில் மட்டும் பெரியம்மா ‘போ...ஸ்’ என்று ஓகாரத்தை நீட்டிக் கூப்பிடுவார். அண்ணன் எந்த அறையில் இருந்தாலும் எழுந்து வருவார்.

அதற்கடுத்து வந்தது தமிழ் அலை. திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். இங்கே கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசைப் படித்த குடும்பங்களிலும் அந்தக் காற்று வீசியது. அன்பழகன், மணிமேகலை, தமிழ்ச்செல்வி என்றெல்லாம் பதிவேட்டில் ஏறியது அப்படித்தான். நீங்கள் ஒரு கொள்கைக்காகப் பெயர் வைத்தீர்கள், இன்றைய பெற்றோர் ஒரு பிரியத்துக்காக வைக்கிறார்கள். பிரியத்தை நான் தாழ்வாக நினைக்க மாட்டேன் ஐயா. நீங்களும் நினைக்க வேண்டாம்.

ஈசூனிலிருந்து: சாந்தி பெரேரா ஓடியதைப் பார்த்ததிலிருந்து மகளுக்குச் சாந்தி என்று வைக்க ஆசை. பழைய பெயர் என்கிறார் என் மாமியார்.

எனக்கும் கண் கலங்கிய ஓட்டம் அது! 2023இல் தென்கிழக்காசியப் போட்டியில் 100 மீட்டரும் 200 மீட்டரும் வென்றார். பிறகு ஹாங்ஜோவில் ஆசிய விளையாட்டு 200 மீட்டரில் தங்கம். 1974இல் சீ சுவீ லீ வென்றதற்குப் பிறகு, திடல்தடப் போட்டியில் சிங்கப்பூருக்கு அப்போதுதான் ஆசிய விளையாட்டுத் தங்கம் கிடைத்தது.

மாமியார் தலைமுறையில் வகுப்புக்கு வகுப்பு சாந்தி இருந்திருப்பார், அதனால் அவருக்குப் பழசாகத் தெரிகிறது. பெற்றோர் காலத்துப் பெயர் சலிக்கும், பாட்டி காலத்துப் பெயர் திரும்பவும் இனிக்கும். நான் ஓய்வுபெறும்போது என் வகுப்பில் ஒரு சாந்தி கூட இல்லை. தாராளமாக வையுங்கள். எந்த ஊர்க்காரர் வாயிலும் தடுக்காத பெயர். மாமியாரிடம் அந்த 200 மீட்டர் ஓட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள், மனம் மாறலாம்.

பொங்கோலிலிருந்து: பொன்னியின் செல்வன் படம் பார்த்த பிறகு, பிறக்கப்போகும் மகனுக்கு அருள்மொழி என்று முடிவு செய்திருக்கிறோம். சரியா?

அருமையான தேர்வு. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதியபோதே வீடுகளில் புழங்கிய பெயர்கள் இவை. 2022இல் வந்த படம் அவற்றை இன்னொரு தலைமுறைக்குக் கொண்டுவந்தது. பூங்குழலி கல்கியின் கற்பனை. அருள்மொழி ராஜராஜ சோழனின் சொந்தப் பெயர், குந்தவையும் அவனுடைய உண்மையான அக்காள். ஆயிரம் ஆண்டு நின்ற பெயர், படம் மறந்துபோனாலும் நிற்கும்.

ஆனால் ஒரு விஷயம், இது சிங்கப்பூரில் வரும் சிக்கல். ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இசட், எச் என்ற இரண்டு எழுத்தைப் போடுவது தமிழ்நாட்டு வழக்கம். இங்கே சீன நண்பர்கள் அந்த இரண்டு எழுத்தையும், சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் ஹன்யூ பின்யின் முறையில் கிட்டத்தட்ட ‘ஜ’ என்று வாசிப்பார்கள். என் மாணவி யாழினியை அறிவியல் ஆசிரியர் ‘யாஜினி’ என்றுதான் கூப்பிட்டார். ஒருநாள் இடைவேளையில் அவள் அவரிடம் போய், நாக்கை மடித்துக் காட்டி, மூன்று முறை சொல்லிக்கொடுத்தாள். அவரும் சிரத்தையாகப் பழகிக்கொண்டார். அவளுக்கு அந்தத் துணிச்சல் இருந்தது, எல்லாப் பிள்ளைக்கும் இருக்காது. நம் மொழியின் பெயரையே ஆங்கிலத்தில் ‘எல்’ போட்டுத்தானே எழுதுகிறோம்? அருள்மொழிக்கும் அப்படி எழுதிவிட்டு, வீட்டில் ழகரத்தை அழுத்திச் சொல்லிப் பழக்குங்கள்.

தெம்பனிஸிலிருந்து: கணவர் கிரிக்கெட் பைத்தியம். சச்சின் அல்லது ரோஹன் என்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை.

அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சச்சின் டெண்டுல்கரின் அப்பா மராத்திக் கவிஞர். தனக்குப் பிடித்த இசையமைப்பாளர் சச்சின் தேவ் பர்மனின் பெயரை மகனுக்கு வைத்தார். கவாஸ்கர் தன் மகனுக்கு ரோஹன் என்று வைத்தது மேற்கிந்தியத் தீவுகளின் ரோஹன் கன்ஹாயை நினைத்து. அவர்களும் ரசிகர்களாகத்தான் வைத்தார்கள். முதல் பெயர் உங்களுடையது, ஆட்டக்காரர் பெயர் வீட்டில் கூப்பிட என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: பெயருக்கு உரியவர் நாளை கெட்ட பெயர் எடுத்தால்?

பயப்பட வேண்டிய கேள்விதான். ஜெர்மனியில் 1991இல் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர் கெவின். ஹாலிவுட்டிலிருந்து வந்த மோகம். பின்னாளில் அதை நாகரிகமில்லாத பெயராக்கிவிட்டார்கள். 2009இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், கெவின் என்றாலே படிக்காத, அடங்காத பிள்ளை என்று தொடக்கப்பள்ளி ஆசிரியர்களே எண்ணியது தெரியவந்தது. படித்தபோது எனக்கு வலித்தது. நாங்கள் பெயரைத்தானே முதலில் பார்க்கிறோம்.

மறுபக்கமும் உண்டு. 1953 மார்ச் 1இல் மு. கருணாநிதிக்கு மகன் பிறந்தார், மார்ச் 5இல் சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தார். அந்தப் பெயரே பிள்ளைக்கு ஆனது. இன்று தமிழர் வீட்டில் ஸ்டாலின் என்றால் யாருக்கு ரஷ்யா ஞாபகம் வருகிறது? பெயரை வைத்திருப்பவர் அதைத் தனதாக்கிக்கொள்ளலாம், ஆனால் அதற்குப் பல ஆண்டு ஆகும். அதனால், அந்த ஆளைக் கழித்துவிட்டாலும் பொருள் மிஞ்சுகிற பெயராக எடுங்கள்.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து: நடிகர்கள் எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டுகிறார்களே, நாமும் செய்யலாமா?

வேண்டாம். நடிகருக்குப் படிவம் நிரப்ப ஆள் உண்டு. உங்கள் பிள்ளை ஒவ்வொரு முகப்பிலும் ‘இரண்டு ஏ, அப்புறம் ஓர் எச்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

தோ பாயோவிலிருந்து: நயன்தாரா இரட்டையருக்கு உயிர், உலக் என்று வைத்தபோது சிலிர்த்தது. அப்படிச் சின்னத் தமிழ்ச் சொல் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது கார்த்தி வீட்டில் நடந்தது. மகள் உமையாள், மகன் கந்தன். கோயில் வாசலிலும் தாத்தா பெயரிலும் மட்டும் கேட்டுவந்த சொற்களை, இளம் பெற்றோர் தயங்காமல் சொல்லும்படி செய்துவிட்டார்கள்.

அங் மோ கியோவிலிருந்து: பிள்ளை பிறந்து 35 நாள் ஆகிறது. முப்பதாம் நாள் சடங்கும் முடிந்தது. தொட்டிலில் ஒரு பெயர் சொன்னோம், இப்போது நடிகர் வீட்டுப் பெயர் ஒன்றைப் பார்த்து மனம் அலைகிறது.

பிறப்பைப் பதிவு செய்ய 42 நாள் அவகாசம், ஆக இன்னும் ஏழு நாள் இருக்கிறது. லைஃப்எஸ்ஜி என்ற அரசாங்கச் செயலி வழியாக வீட்டிலிருந்தே பதியலாம். அவசரத்தில் பதிந்துவிட்டுப் பெரியவனான பிறகு மாற்ற நினைத்தால் வழக்கறிஞரிடம் போய் பெயர் மாற்றப் பத்திரம் எழுத வேண்டும்.

இன்றிரவு இரண்டு பெயரையும் கூப்பிட்டுப் பாருங்கள். சமையலறையிலிருந்து ஒருமுறை, புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று ஒருமுறை. பக்கத்து வீட்டு மலாய் அக்காவையும் எதிர்வீட்டு சீன ஆன்ட்டியையும் சொல்லச் சொல்லுங்கள். அப்பா பெயரோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். ஐந்தாம் நாள் காலை எந்தப் பெயர் தானாக வாயில் வருகிறதோ அதைப் பதியுங்கள்.