கிவா: மதிலுக்குள் ஓர் இரவு தங்குங்கள் (வாசகர் கேள்வி – பதில்)

உஸ்பெகிஸ்தான் போகிறோம். புகாராவில் தங்கி, கிவாவை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா? – வாசகி, திருச்சி

வேண்டாம். இடையில் பாலைவனச் சாலை 400 கிலோமீட்டருக்கு மேல். போக மட்டுமே ஆறேழு மணி நேரம் ஆகும். போய்ச் சேரும்போது உச்சி வெயில், மாலையின் நல்ல வெளிச்சம் வருமுன்பே கிளம்ப வேண்டியிருக்கும். ஈரானை நோக்கிப் பாலைவனத்தில் இறங்குமுன் ஒட்டக வணிகர்கள் கடைசியாக இளைப்பாறிய ஊர் இது. நீங்களும் ஓர் இரவாவது தங்குங்கள், அதுவும் இச்சான் காலா எனும் மதில் நகருக்குள்ளேயே. பகல் கூட்டம் கலைந்தபின் அந்தச் சந்துகளில் நடப்பதற்காகவே போகலாம்.

புகாராவிலிருந்து ரயில் உண்டு. கிவா ஸ்டேஷனிலிருந்து கிழக்கு வாசலுக்கு நடந்தே வரலாம். தாஷ்கண்டிலிருந்து என்றால் உர்கெஞ்ச் வரை விமானம், பிறகு சுமார் 35 கிலோமீட்டர் டாக்சி. ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்லது. ஜூலையில் 40 டிகிரியைத் தாண்டும்.

உள்ளே எதை எப்போது பார்ப்பது? – வாசகர், மதுரை

மேற்கு வாசலான ஓத்தா தர்வாஸாவில் பொது டிக்கெட் எடுங்கள். மினார் ஏறவும் குன்யா ஆர்க் கோட்டையின் காவல்மேட்டுக்கும் தனிக் கட்டணம். கையில் சோம் (உஸ்பெக் நாணயம்) நோட்டு இருக்கட்டும்.

காலையில் முதல் வேலை ஜும்மா மசூதி. 200க்கும் மேற்பட்ட மரத்தூண்கள், கூரைத் திறப்பு வழியே மட்டும் வெளிச்சம். தூண்களின் செதுக்கு வேலை ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பழைய கட்டடங்களிலிருந்து கொண்டுவந்த தூண்களும் கலந்திருக்கின்றன. அவசரப்படாமல் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள்.

அடுத்து, 1910இல் எழுந்த இஸ்லாம் கோஜா மினார். நூற்றுக்கு மேல் படிகள். குறுகல், இருட்டு, ஒவ்வொரு படியும் உயரம். ஏறுபவரும் இறங்குபவரும் ஒரே சுழற்படியில் சந்திப்பதால் முதுகுப்பையைக் கீழேயே விட்டுவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்க்கலாம்.

சூரியன் மறைய முக்கால் மணி நேரம் முன்பே குன்யா ஆர்க் மேட்டில் இருங்கள். அது மேற்கு ஓரத்தில் இருப்பதால் வெயில் உங்கள் முதுகுப்பக்கம் விழும். நகரம் முழுக்க எதிரே பளிச்சென்று தெரியும். பக்கத்திலேயே கல்தா மினார். 1855இல், கிவாவை ஆண்ட முகம்மது அமீன் கான் இறந்ததும் வேலை நின்றுபோய், 29 மீட்டரோடு குட்டையாக நிற்கிறது.

மண்மதில் எப்படி நிலைக்கிறது? – வாசகர், ஈரோடு

அடியில் ஐந்தாறு மீட்டர் அகலம், மேலே போகப்போக ஒடுங்கும். உயரம் சுமார் 10 மீட்டர், சுற்றளவு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். சுடாத பச்சைச் செங்கல்மீது வைக்கோல் கலந்த சேறு பூசுகிறார்கள், நம் ஊர் மண்சுவர் போலவே. வைக்கோல் இல்லாவிட்டால் காயும்போது வெடித்துவிடும். மழையைவிட நிலத்தடி உப்புநீர்தான் பெரிய பகை: சுவரில் ஊறி ஏறி, உலர்ந்து, உப்பு பூத்துச் செங்கல்லை உதிர்க்கும். நீர்மட்டம் மேலே இருப்பதால் கல்லறைகளையும் தரைக்கு மேல்தான் கட்டினார்கள். மதில் சரிவிலேயே சில இருக்கின்றன, அவற்றின்மேல் ஏறாதீர்கள்.

சைவம் கிடைக்குமா? – வாசகி, கோவை

முட்டை சாப்பிடுவீர்களென்றால் 'துகும் பராக்' கேளுங்கள். மாவுப் பையில் முட்டைக் கலவையை ஊற்றி, வாயை ஒட்டி, உடனே கொதிநீரில் போடுவார்கள். தாமதித்தால் மாவு ஊறிக் கிழிந்துவிடும். சோயிக்கீரைச் (சதகுப்பைக் கீரை) சாறு விட்டுப் பிசைந்த பச்சை நூடுல்ஸ் 'ஷிவித் ஓஷி' இறைச்சிக் குழம்போடு வரும். தயிரோடு மட்டும் தரச் சொல்லுங்கள். "கோஷ்ட் யோக்" என்றால் இறைச்சி வேண்டாமென்று புரிந்துகொள்வார்கள். காய்கறி சூப்பை நம்பாதீர்கள். பெரும்பாலும் எலும்புச் சாற்றில்தான் வைக்கிறார்கள்.