நான்கு கேமராக்கள், ஒரே 4கே திரை: எந்தக் கருவியை வாங்குவது?

கேள்வி: எங்கள் மகளின் அரங்கேற்றம் விரைவில் நடைபெறவுள்ளது. அரங்கினுள் இடம் கிடைக்காத உறவினர்கள் வெளிக்கூடத்தில் அமர்ந்து பார்ப்பதற்காக, நான்கு முழு எச்டி கேமராக்களின் படங்களையும் ஒரே 75 அங்குல 4கே தொலைக்காட்சியில் காட்ட விரும்புகிறோம். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் விசாரித்தபோது இரண்டு கருவிகளைக் காட்டினார்கள். இரண்டின் பெட்டியிலும் ‘4கே’ என்றே அச்சிட்டிருக்கிறது. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப்போல் பல மடங்கு. விலை குறைந்ததே போதுமா?
- வாசகி, ஈசூன்

பதில்: முழு எச்டி படம் 1,920க்கு 1,080 பிக்சல்கள் கொண்டது, உங்கள் திரை 3,840க்கு 2,160. ஆகவே நான்கு படங்களையும் இரண்டுக்கு இரண்டாக அடுக்கினால், ஒரு பிக்சல்கூட வீணாகாமல் அவை திரையைச் சரியாக நிரப்பும். ஒவ்வொரு படமும் 37.5 அங்குலத் தொலைக்காட்சி அளவுக்குத் தெரியும். இந்தப் பொருத்தத்தைக் கெடுக்காத கருவிதான் உங்களுக்கு வேண்டும்.

பெட்டியில் உள்ள ‘4கே’ உள்வரும் படத்தைக் குறிக்கிறதா, வெளியேறும் படத்தைக் குறிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 4கே படத்தை ஏற்றுக்கொண்டு, முழு எச்டி (1080பி) அளவில் மட்டுமே வெளியே அனுப்பும் கருவிகள் சந்தையில் உண்டு. அவை நான்கு படங்களையும் ஒரே முழு எச்டி சட்டத்துக்குள் (ஃபிரேம்) சுருக்குவதால், ஒவ்வொரு படத்துக்கும் 960க்கு 540 பிக்சல்களே, அதாவது கேமரா அனுப்பியதில் கால் பங்கே மிஞ்சும். தொலைக்காட்சி அதைப் பெரிதாக்கித் திரையை நிரப்பும் என்றாலும், இழந்த நுணுக்கம் திரும்பி வராது. பரதநாட்டியத்தில் கண்ணசைவும் விரல் முத்திரையும்தான் முதலில் மங்கும் என்பதால், இந்த இழப்பைச் சிறியதாக நான் கருதவில்லை.

வெளியீடு 4கே என்று உறுதியான பிறகும், அது வினாடிக்கு எத்தனை சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்று பார்க்க வேண்டும். படத்தைக் கடத்தும் எச்டிஎம்ஐ இணைப்பின் 1.4 பதிப்பு வழியாக 4கே படம் வினாடிக்கு 30 சட்டங்கள் வரைதான் செல்லும். 50 அல்லது 60 சட்டங்களுக்கு எச்டிஎம்ஐ 2.0 தேவை. தில்லானாவின் விரைவான அடவுகளில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். சிங்கப்பூரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகளின் கீழ் 60 சட்ட வேகத்தில் எடுக்கும் படம் மினுக்கக்கூடும். கேமராக்களில் வசதி இருந்தால் நான்கையும் 50க்கு அமைத்துவிடுங்கள்.

கேட்டு வாங்க வேண்டியது, பல படங்களை ஒரே திரையில் ஒருசேரக் காட்டும் ‘மல்டிவியூவர்’. ‘ஸ்விட்ச்’ நான்கில் ஒன்றை மட்டும் காட்டும். ‘ஸ்ப்ளிட்டர்’ ஒரே படத்தைப் பல திரைகளுக்கு அனுப்பும். கண்காணிப்புக் கேமராப் பதிவுக் கருவியை யாரேனும் பரிந்துரைத்தால் ஏற்க வேண்டாம். நான்கு படங்களைச் சேர்த்துக் காட்டும்போது அத்தகைய கருவிகளில் பல, தரம் குறைந்த துணைப் படத்தையே காட்டுகின்றன.

வெளிக்கூடம் மேடையிலிருந்து தொலைவில் இருக்குமல்லவா? சாதாரண எச்டிஎம்ஐ கம்பியில் 4கே படம் சில மீட்டருக்கு மேல் நம்பகமாகச் செல்லாது. எனவே மல்டிவியூவரைத் தொலைக்காட்சியின் அருகில் வைத்து, கேமராக்களிலிருந்து வரும் நீண்ட தூரத்தை எஸ்டிஐ கம்பியாலோ ஒளியிழை எச்டிஎம்ஐ கம்பியாலோ கடப்பது நல்லது. இந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கருவிகள் ஒரு கேமராவின் ஒலியை மட்டுமே தேர்ந்து அனுப்பும் என்பதால், பாட்டும் நட்டுவாங்கமும் தெளிவாக வரும் ஒலி இணைப்பை அந்த ஒரு கேமராவுக்கே கொடுங்கள்.

என் பரிந்துரை, 50 சட்டங்களில் 4கே வெளியீடு தரும் கருவி. விலை கூடியது அப்படிப்பட்டதுதானா என்பதையும் விலையை வைத்து முடிவு செய்யாமல், உங்கள் கேமரா ஒன்றைக் கடைக்கே எடுத்துச் சென்று, சிறிய எழுத்துகள் உள்ள ஒரு தாளைப் படமெடுத்துப் பாருங்கள். கேமராவை நேரடியாக இணைத்தபோது படிக்க முடிந்த எழுத்து, நான்கில் ஒரு பகுதியாகக் காட்டும்போது அருகில் சென்று பார்த்தும் படிக்க முடியாவிட்டால், அந்தக் கருவி வேண்டாம். தொலைக்காட்சியிலும் படத்தின் ஓரங்களை வெட்டும் அமைப்பை நிறுத்திவிட்டே சோதியுங்கள்.

வாங்கும்போது ‘வெளியீடு 3,840க்கு 2,160, 50 ஹெர்ட்ஸ்’ (அதாவது வினாடிக்கு 50 சட்டங்கள்) என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருள்கள் பற்றிய ‘லெமன்’ சட்டத்தின்படி, ஒப்புக்கொண்ட விவரத்துக்குப் பொருந்தாத பொருளுக்கும் விற்பனையாளர் பொறுப்பேற்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். விற்பனையாளர் முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும். அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பையோ பணத்தையோ கேட்கலாம். கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ அமைப்பையும், அதற்குப் பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தையும் நாடலாம். அங்கே பேசப்போவது ரசீதில் உள்ள அந்த வரிதான்.